புது ஸ்போர்ட்ஸ் காருக்கு முதல் ஆயில் மாற்றம் எப்போது?

நீங்கள் எழுதியிருப்பதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டர்போ பெட்ரோல் இன்ஜின், ஆறு கியர் மேனுவல், வண்டி எடுத்து 900 கி.மீ. ஆகிறது. கையேடு 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்கிறது. பழைய வண்டிகளோடு காலம் தள்ளிய நண்பர் ஒருவர் 1000 கி.மீ.யில் ஆயிலை வடித்தே ஆக வேண்டும் என்கிறார். ஷோரூமில் கேட்டால் தேவையே இல்லை என்று சிரிக்கிறார்கள். போதாக்குறைக்கு, தொழிற்சாலையில் ஊற்றிய ஆயில் விசேஷமானது, சீக்கிரம் வடித்தால் இன்ஜினுக்குக் கெடுதல் என்று யாரோ பயமுறுத்தியும் இருக்கிறார்கள். எத்தனை கி.மீ.யில் மாற்றுவது, அதனால் வாரண்டிக்குப் பாதகம் வருமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது இரண்டு கேள்விகள்: சீக்கிரம் மாற்றாவிட்டால் இன்ஜின் கெடுமா? சீக்கிரம் மாற்றினால் கெடுமா? இரண்டுக்குமே பதில் ‘அநேகமாக இல்லை’ என்பதுதான். அதனால்தான் இந்த வாக்குவாதம் முடிவதே இல்லை, இரண்டு பக்கமும் தான் சொன்னது சரியென்று கடைசிவரை நம்பிக்கொண்டே இருக்கலாம்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக இன்ஜின் பிரித்துக் கோர்க்கிற வேலையில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் இந்த மாதிரி வேக வண்டிகள். ஆயில் வேதியியல் படித்தவன் இல்லை. அதோடு என் அனுபவத்தில் ஒரு கோணலும் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் மேஜைக்கு வருவதெல்லாம் கெட்டுப்போன இன்ஜின்கள், நன்றாக ஓடுகிற இன்ஜினை யாரும் பிரிக்கச் சொல்லிக் கொண்டுவருவதில்லை. எனவே ‘நான் பார்த்தவரையில்’ என்று நான் எழுதுகிற இடங்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

முதலில் நேரான பதில். கையேட்டில் முதல் ஆயில் மாற்றத்துக்கென்று தனியாக ஒரு கி.மீ. எழுதியிருந்தால் அதில் விவாதமே கிடையாது, சொன்ன இடத்தில் மாற்றுங்கள். அப்படி எழுதாமல் விட்டிருந்தால் கட்டாயம் இல்லை, ஆனால் 1500 முதல் 2000 கி.மீ.க்குள் ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது நல்ல பழக்கம், நான் என் வண்டிக்குச் செய்வேன். பொறுத்திருக்கச் சொல்லி கையேடே எழுதியிருந்தால் பொறுத்திருங்கள். 100, 200 கி.மீ.யில் வடிப்பது வீண்.

சரி, ஏன் என்று பார்ப்போம். சிலிண்டர் சுவரைக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக விடுவதில்லை. ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டு அனுப்புகிறார்கள், அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். புது இன்ஜினில் பிஸ்டன் ரிங் இந்தச் சுவரில் உரசி, கீறல்களின் கூர் முனைகளை மழுக்கி, தனக்கும் சுவருக்கும் இடையில் வாயு கசியாத அளவுக்குப் பொருந்திக்கொள்ள வேண்டும். மெக்கானிக் பாஷையில் ரிங் செட் ஆகிறது என்போம். மழுங்கிய முனைகள் எங்கே போகும்? ஆயிலுக்குத்தான். கேம்ஷாஃப்ட், டைமிங் செயின், ஆயில் பம்ப்பின் பற்கள் என்று ஒன்றோடொன்று உரசுகிற மற்ற பாகங்களும் இதே காலத்தில் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் உலோகத்தை உதிர்க்கின்றன. இவை தவிர, பாகங்களைக் கடையும்போது மூலையில் ஒளிந்துகொண்ட பொடி, கசியாமலிருக்கப் பூசி, மூடிகளின் விளிம்பில் பிதுங்கி நிற்கும் சீலன்ட்டின் துணுக்கு, கோர்க்கும்போது தடவிய கிரீஸ், எல்லாமே முதல் ஆயிலில் சேர்கின்றன. இந்தத் தேய்மானம் கடைசிவரை ஒரே வேகத்தில் நடப்பதில்லை. முதல் சில நூறு கி.மீ.யில் அதிகம், பிறகு மளமளவென்று இறங்கி, சில ஆயிரம் கி.மீ.க்குப் பிறகு ஒரே மட்டத்தில் நின்றுவிடும். இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஃபில்டர் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். நல்ல ஃபில்டர் 20, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை ஏறக்குறைய முழுவதும் பிடித்துவிடும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் இது நல்ல வேலை என்று புரியும். ஆனால் சுழலும் கிராங்குத் தண்டுக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவில் நிற்கிற ஆயில் படலம் சுமை ஏறும்போது ஒன்றிரண்டு மைக்ரானுக்கு இறங்கிவிடுகிறது. படலத்தைவிடப் பெரியதாகவும் ஃபில்டரில் சிக்காத அளவுக்குச் சிறியதாகவும் இருக்கிற துகள் இருக்கிறதே, அதுதான் தொல்லை பிடித்தது. ஏறக்குறைய 5 முதல் 20 மைக்ரான் வரைக்கும் உள்ளவை. அப்புறம், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் கெட்டியாக இருப்பதால், சில சமயம் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே நேராகச் சுற்றுக்குப் போகும். இன்ஜின் ஆயில் இல்லாமல் காய்வதைவிட அழுக்கு ஆயில் மேல் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

முதல் ஆயிலை லேபுக்கு அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த அறிக்கை பயமுறுத்தும். இரும்பு, தாமிரம், அலுமினியம் எல்லாம் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கும். சிலிக்கான் எகிறி நிற்கும். பழைய இன்ஜினில் சிலிக்கான் இந்த அளவு வந்தால் ஏர் ஃபில்டர் வழியாக மண் போகிறது என்று அர்த்தம். புது இன்ஜினில் அது பெரும்பாலும் சீலன்ட்டிலிருந்து கரைந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. மாலிப்டினம் கூடுதலாக இருந்தால் அதில் பெரும்பகுதி கோர்க்கும்போது தடவிய கிரீஸ். ஆயில் கூலர் உள்ள வண்டிகளில் தாமிரம் கொஞ்ச காலம் உயர்ந்தே இருக்கும், கூலரின் உட்புறத்திலிருந்து வேதியியல் ரீதியாகக் கரைகிறதே தவிர பேரிங் தேயவில்லை. இரண்டாவது ஆயிலின் அறிக்கையில் இந்த எண்கள் பாதிக்கும் கீழே விழும், மூன்றாவதில் அடங்கிவிடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான லேப் கருவிக்குச் சில மைக்ரான் அளவுள்ள மிகச் சிறிய துகள்கள்தான் தெரியும். நான் மேலே சொன்ன தொல்லை பிடித்த அளவில் பெரும்பகுதி அதன் கண்ணுக்கே படாது. அறிக்கை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆயில் சுத்தம் என்றோ, மோசமாக இருக்கிறது என்பதற்காக இன்ஜின் கெடுகிறது என்றோ முடிவுகட்ட முடியாது.

சந்தேகத்துக்கு இடமான பகுதி இனிமேல்தான். முதல் ஆயிலில் உலோகம் அதிகம் என்பது உறுதி. அதை 2000 கி.மீ.யிலேயே எடுத்துவிடுவதால் இன்ஜினின் ஆயுள் இத்தனை கூடும் என்று யாராவது ஒரு எண் சொன்னால் நம்பாதீர்கள். முதல் ஆயிலைக் கையேடு சொன்ன முழுக் கெடுவரை ஓட்டிவிட்டு, இரண்டு லட்சம் கி.மீ.க்கு மேல் போன இன்ஜின்களை வேறு ஏதோ காரணத்துக்காகப் பிரித்திருக்கிறேன், பேரிங் அழகாகவே இருந்தது. 1000 கி.மீ.யில் மாற்றியும் இளம் வயதில் போய்ச் சேர்ந்த இன்ஜின்களும் வந்திருக்கின்றன. காரணம் ஏறக்குறைய எப்போதும் ஆயில் மட்டம் குறைந்தது, சூடாகாமலே முறுக்கியது, டியூனிங் என்ற பெயரில் யாரோ கைவைத்தது, இவற்றில் ஒன்று. ஆகவே முதல் மாற்றத்தை ஒரு சின்னக் காப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள். செய்தால் நிம்மதி, செய்யாவிட்டால் குடி முழுகாது.

தயாரிப்பாளர்களே இதில் ஒன்றுபடவில்லை. பிஎம்டபிள்யூ ‘எம்’ என்ற தன் வேக ரகக் கார்களுக்கு 2000 கி.மீ.யில், புது வண்டி பழகி முடிந்ததும் செய்கிற ரன்னிங் இன் சர்வீஸைக் கட்டாயமாக்குகிறது. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாறும், கூடவே சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பின்பக்க டிஃபரன்ஷியலின் ஆயிலும் மாறும். ஷெவர்லே கார்வெட்டின் ஏழாம் தலைமுறை இசட்06க்கு முதல் மாற்றம் 500 மைலிலேயே, அதாவது 800 கி.மீ.யில் இருந்தது. போர்ஷே 911க்கு அப்படி ஒன்றும் இல்லை, முதல் 3000 கி.மீ.க்கு 4000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) மேல் போகாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆயிலை வழக்கமான கெடுவுக்கு விட்டுவிடுகிறார்கள். ஹோண்டா இன்னும் ஒருபடி மேலே போய், குறித்த நேரம் வரும்வரை முதல் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று கையேட்டிலேயே எழுதுகிறது. இவர்கள் எல்லாருக்கும் இன்ஜின் செய்யத் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டால், எல்லா வண்டிக்கும் பொருந்துகிற ஒரு கி.மீ. இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

பிஎம்டபிள்யூ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், எனக்கு மிகவும் உதவிய தடயம் அங்கேதான் இருக்கிறது. எம்3 காரில் உள்ள எஸ்58 இன்ஜினும் எம்340ஐ காரில் (பெயரில் எம் இருந்தாலும் இது முழு எம் கார் இல்லை) உள்ள பி58 இன்ஜினும் ஒரே குடும்பம். இரண்டும் 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ. முன்னதற்கு 2000 கி.மீ. சர்வீஸ் உண்டு, பின்னதற்குக் கிடையாது. புது இன்ஜின் எல்லாமே அழுக்கு, சீக்கிரம் கழுவ வேண்டும் என்பது மட்டும் காரணமாக இருந்தால் இரண்டுக்கும் கேட்டிருப்பார்கள். நான் இதைப் படிக்கிற விதம் இதுதான்: எம்3ஐ வாங்குகிறவர் அதை ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோவார், 7000 ஆர்பிஎம்மில் வைத்துத் திருப்புவார், அந்தச் சுமை ஏறுவதற்கு முன் முதல் தேய்மானத்தின் கழிவை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று பொறியாளர்கள் நினைக்கிறார்கள். அப்படியானால் உங்கள் வண்டிக்கும் கேள்வி மாறுகிறது. நீங்கள் அதை எப்படி ஓட்டப் போகிறீர்கள்? வார இறுதியில் நிதானமாகச் சுற்றி வரவா, ட்ராக்குக்கா? இரண்டாவது என்றால் நான் 2000 கி.மீ. மாற்றத்தைத் தயங்காமல் செய்யச் சொல்வேன், அதற்கு முன் ட்ராக் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் நண்பர் சொல்வது அவர் காலத்துக்குச் சரி. அறுபது, எழுபதுகளின் கையேடுகள் பல 500 மைலில் முதல் மாற்றம் கேட்டன. அன்றைய வார்ப்பும் கடைசலும் ஹோனிங்கும் இன்றைய துல்லியத்தில் இல்லை. இன்று பல இன்ஜின்களில் ஹோனிங்கின் கூர் முனைகளைத் தொழிற்சாலையிலேயே இன்னொரு சுற்று மழுக்கிவிடுகிறார்கள், அதாவது ரிங் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கல்லே செய்து முடித்துவிடுகிறது. நிஸான் ஜிடி-ஆர் போன்ற வண்டிகளில் சிலிண்டர் சுவரில் பிளாஸ்மா முறையில் இரும்பைத் தெளித்து மெருகேற்றுகிறார்கள், அங்கே தேய்வதே குறைவு.

இப்போது அந்த ‘விசேஷ ஆயில்’ கதை. பாதி உண்மை. ஹோண்டா மாதிரி ஒரு நிறுவனம் முதல் ஆயிலை விட்டு வை என்று எழுதினால், அந்த வண்டிக்கு அதுதான் சட்டம். ஆனால் எல்லா நிறுவனமும் ரகசிய ஆயில் ஊற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, பெரும்பாலான வண்டிகளில் சர்வீஸில் ஊற்றுகிற அதே ரகம்தான் இருக்கிறது. கடைகளில் ரன்னிங் இன் ஆயில் என்று தனியாக விற்பது புதிதாகக் கோர்த்த பழைய வடிவ இன்ஜின்களுக்கானது, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சீக்கிரம் வடிப்பதற்கு எதிராக எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வாதம் வேறு. ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மானம் இருக்கிறது, அது சூட்டிலும் உரசலிலும் உலோகத்தின் மேல் மிக மெல்லிய ஒரு காப்புப் படலமாகப் படிகிறது. படியக் கொஞ்சம் நேரம் எடுக்கும். புத்தம் புது ஆயிலைவிடச் சற்று ஓடிய ஆயிலில் கேம் பகுதித் தேய்மானம் குறைவாக இருந்ததாகச் சோதனைகளிலும் பார்த்திருக்கிறார்கள். நூறு கி.மீ.க்கு ஒருதரம் ஆயிலை மாற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கு இது பதில். 2000 கி.மீ.யில் ஒருமுறை மாற்றுவதை இது தடுக்காது.

டர்போவும், சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சுகிற நேரடி பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த வண்டியானால், சீக்கிரம் மாற்றுவதற்கு இன்னொரு காரணம் கிடைக்கிறது, எனக்கு இது உலோகத் துகளைவிட வலுவாகவே படுகிறது. ரிங் முழுதாகச் செட் ஆகாத நாட்களில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டினால் ஆயில் சரியாகச் சூடேறாது, கலந்த பெட்ரோல் ஆவியாகப் போகாது, ஆயில் நீர்த்துப்போகும். ஆயில் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தாலோ, ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தாலோ கி.மீ. கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி, முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தானே தீரும்.

ஏன் 1500–2000 என்று கேட்டால், கணக்குப் போட்டு வந்த எண் இல்லை. அதற்குள் தேய்மானத்தின் செங்குத்தான பகுதி முடிந்திருக்கும், எல்லா ஆர்பிஎம்மிலும் எல்லாச் சுமையிலும் இன்ஜின் ஒருமுறையாவது ஓடியிருக்கும். 1000-இல் மாற்றினால் தப்பில்லை, கொஞ்சம் கழிவு அடுத்த ஆயிலுக்குப் போகும், அவ்வளவுதான். 3000 ஆகிவிட்டதே என்று யாராவது பதறினால் அதுவும் தேவையில்லை.

சீக்கிரம் மாற்றுவதால் வரக்கூடிய நிஜமான கெடுதல் ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: மாற்றுகிற ஆள். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், ஒரு புது வண்டிக்கு ஃபில்டர் மாற்றினேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்காமல், புதியதை அதன் மேலேயே திருகிவிட்டேன். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக. ஸ்டார்ட் செய்து பார்த்தபோது சொட்டுக்கூடக் கசியவில்லை. நாலு கி.மீ. போனதும் ஆயில் அழுத்தத்தில் வளையம் பிதுங்கி, இருந்த ஆயிலில் பாதி ரோட்டில். ஓட்டியவர் விளக்கு எரிந்ததும் உடனே நிறுத்தியதால் இன்ஜின் பிழைத்தது, நானும் வேலையில் பிழைத்தேன். அடியில் ஆயில் தேங்குகிற அலுமினிய சம்ப்பில், ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்டை மனம்போன போக்கில் முறுக்கி மரையைக் கிழிப்பது, வாஷர் மாற்றாமல் விடுவது, அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுவது, 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கிற இன்ஜினுக்கு ‘கெட்டியாக இருந்தால் நல்லது’ என்று வேறு எதையாவது ஊற்றுவது என்று பட்டியல் நீளம். முதல் ஆயிலில் இருக்கிற துகள்களைவிட இவைதான் அதிக இன்ஜின்களை என் மேஜைக்கு அனுப்பியிருக்கின்றன. கை பழக்கம் இல்லையென்றால் வாரண்டி காலத்தில் நீங்களே படுத்துக்கொண்டு மாற்ற வேண்டாம்.

வாரண்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கையேடு சொல்கிற தர எண்ணுள்ள ஆயிலை, சரியான ஃபில்டரோடு, கூடுதலாக ஒருமுறை மாற்றியதற்காக இன்ஜின் கெட்டது என்று வாதாடுவது யாருக்கும் எளிதில்லை. ஆனால் பில் இருக்க வேண்டும், அதில் தேதி, கி.மீ., ஆயிலின் தர எண் எல்லாம் இருக்க வேண்டும். பிராண்டைவிடத் தர எண்தான் முக்கியம். போர்ஷே ஏ40, டெக்சோஸ், எம்பி 229.5 என்று டப்பாவின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்குமே, அது. ஷோரூமிலேயே செய்யச் சொன்னால் பதிவும் அவர்களிடமே இருக்கும், சிரித்தவர்கள் பில் போடும்போது சிரிக்க மாட்டார்கள். அதோடு, இது கூடுதல் மாற்றம். முதல் வருட சர்வீஸை இதைக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். டாஷ்போர்டில் ஆயில் ஆயுள் இன்னும் 90 சதவீதம் என்று காட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை: பெரும்பாலான வண்டிகளில் அது ஆயிலைப் பார்த்துச் சொல்வதில்லை, இன்ஜின் சுற்றிய எண்ணிக்கை, சூடு, ஸ்டார்ட் செய்த தடவை இவற்றிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. உலோகத் துகள் அதற்குத் தெரியாது.

எல்லாரும் இன்ஜின் ஆயிலையே பேசுகிறார்கள், எனக்கு அதைவிட அக்கறை கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும். மேனுவல் கியர்பாக்ஸில் பொதுவாக ஃபில்டரே கிடையாது, அடியில் ஒரு காந்தம் இருக்கும், அவ்வளவுதான். புதுப் பற்கள் ஒன்றையொன்று பழகிக்கொள்ளும்போது உதிர்கிற பொடி முழுக்க அந்த ஆயிலிலேயே சுற்றும். அதே ஆயில் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கி.மீ. வரை கிடக்கப் போகிறது. முதல் மாற்றத்தில் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். பின்சக்கரத்துக்குச் சக்தி போகிற வண்டியில் டிஃபரன்ஷியலின் பற்கள் உருளுவதோடு வழுக்கவும் செய்கின்றன, ஆகவே ஆரம்பத் தேய்மானம் அங்கே இன்னும் அதிகம். பிஎம்டபிள்யூ அந்த 2000 கி.மீ. சர்வீஸில் டிஃபரன்ஷியலையும் சேர்த்ததில் ஆச்சரியமே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கிற, தட்டுகள் வைத்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் தட்டுகளின் பொடியும் சேரும். சேர்மானம் தவறான ஆயில் ஊற்றினால் அது திரும்பும்போது முனகும், ஆகவே இங்கேயும் தர எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஓட்டுகிற விதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி வீண். முதல் 1000 கி.மீ.யில் சிவப்புக் கோட்டின் (உச்ச ஆர்பிஎம்மின்) மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போக வேண்டாம் என்று ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கையேடுகள் சொல்கின்றன, கையேட்டில் வேறு எண் இல்லாத எந்த வண்டிக்கும் பொருந்துகிற அளவு அது. ஆனால் பூப்போல ஓட்டுவதும் தவறு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது சிலிண்டருக்குள் எரிகிற வாயுவின் அழுத்தம்தான், மிதமான சுமையே கொடுக்காவிட்டால் அது செட் ஆகாது. ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஆறாவது கியரில் 1300 ஆர்பிஎம்மில் போட்டு மிதிப்பது, உயர் ஆர்பிஎம்மைவிட மோசம். அப்புறம் சூடு. தண்ணீர் முள் நடுவுக்கு வந்ததும் வண்டி சூடாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆயில் அதைவிட ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கித்தான் வரும். ஆயில் வெப்பமானி இருந்தால் 80 டிகிரியைத் தாண்டும்வரை பாதி ஆர்பிஎம்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு வரை முறுக்கலாம் என்று காட்ட, எம் கார்களின் டாக்கோமீட்டரில் அதற்கென்றே விளக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் எதற்காக வைத்திருப்பார்கள்?

ஆயில் மட்டத்தையும் பாருங்கள். புது இன்ஜின் ஆயில் குடிக்கும், ரிங் செட் ஆகும்வரை அது இயல்பு. 1000 கி.மீ.க்கு 0.5 லிட்டர் வரை சரிதான் என்று சொல்கிற கையேடுகள் உண்டு, கொஞ்சம் தாராளமான மனசு அது, ஆனாலும் எழுதியிருக்கிறார்கள். முதல் 5000 கி.மீ.க்கு இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை மட்டம் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்திருக்கிற ட்ரை சம்ப் வண்டிகள் பலவற்றில் இன்ஜினை ஓடவிட்டு, சூடாக இருக்கும்போது பார்க்கச் சொல்வார்கள். சாதாரண சம்ப்பில் நிறுத்திச் சில நிமிடம் கழித்து. முறை மாறினால் அரை லிட்டர்வரை தப்பாகக் காட்டும்.

உங்கள் வண்டி என்னுடையதாக இருந்தால் இப்போது எதையும் தொட மாட்டேன். 1800 கி.மீ. வரும்போது, ஒரு நீண்ட ஓட்டம் முடிந்து ஆயில் சூடாக இருக்கும்போதே வடிப்பேன். வடியும்போது நடுவில் ஒரு சுத்தமான பாட்டிலில் 100 மில்லி பிடித்து, தேதியும் கி.மீ.யும் எழுதி வைப்பேன். பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புகளை வெளிச்சத்தில் பார்ப்பேன். வெள்ளிப்பொடி தூவிய மாதிரி மினுமினுப்பும், இரண்டொரு சீலன்ட் துணுக்கும் இருந்தால் எல்லாம் ஒழுங்கு. காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறச் செதில், நகத்தில் எடுக்கிற அளவு துண்டு என்று ஏதாவது கிடைத்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், ஃபில்டரையும் அந்த 100 மில்லியையும் பத்திரப்படுத்தி, ஷோரூமுக்கு எழுத்தில் தெரிவிப்பேன். அதற்குப் பிறகு கி.மீ. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில். ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் நின்றே பழசாகின்றன.

கியர்பாக்ஸுக்கு மட்டும் நான் இப்போது நாள் குறிக்க மாட்டேன். கையேட்டில் அந்த ஆயிலுக்கு என்ன தர எண், மாற்றும் இடைவெளி என்று ஏதாவது இருக்கிறதா இல்லை ‘ஆயுள் முழுக்க’ என்று எழுதியிருக்கிறார்களா, எந்தச் சக்கரத்துக்குச் சக்தி போகிறது, லிமிடெட் ஸ்லிப் உண்டா, இவ்வளவும் பார்த்து எழுதுங்கள். அதை வைத்துச் சொல்கிறேன்.